குங்குமப் பக்கம், மஞ்சப் பக்கம்

அதுல உட்கார்ந்துறாதீங்க தம்பி! பொட்டி இருக்குது, பொட்டி. இதுக்கும் சேத்து லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்காரு, வேணும்னா கண்டக்டரைக் கேட்டுப் பாருங்க.

சரி சரி, நிக்காதீங்க. நீங்க கம்பியப் புடிச்சுட்டுத் தொங்கறதைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்குது. பொட்டியைத் தூக்கி மடியில வெச்சுக்கறேன். நீங்க உள்ள சன்னலோரம் போயிருங்க. ஆனா எடம் சும்மா கெடைக்காது, இந்தத் துணிப்பையை நீங்கதான் புடிச்சுக்கோணும். படுக்கப் போடாதீங்க. நெட்டுக்குத்தலாப் புடிங்க. நடுவுல அமுத்தாதீங்க சாமி, ஓரத்தைப் புடிங்க, ஓரத்தை! உள்ளார இருக்குறது தட்டு. சோத்துத் தட்டில்லீங்க. பாட்டுத் தட்டு. ரிக்கார்டு.

எதுவரைக்கும் போறீங்க? பல்லடமா? அப்ப உங்களுக்கு முன்னாலயே நான் எறங்கிருவேன். காரணம்பேட்டை வந்தா ஒரு சத்தம் குடுங்க. கண்ணு முன்ன மாதிரி இல்லை. காதுக்கு ஒண்ணும் கேடில்லை. முப்பது வருசம் மில்லுல கோன் வைண்டிங்ல, கோன்ல நூல் சுத்தற மிசின்ல நின்னவ நான். அத்தனை இரைச்சல்ல எந்தக் கோன்ல நூல் அறுந்துதுன்னு திரும்பிப் பாக்காமயே சொல்லிருவேன். அந்தக் கரும்புக்காரரைச் சித்த அக்கட்ட நகரச் சொல்லுங்க தம்பி, தோகை கண்ணைக் குத்துது.

இன்னைக்குத் தை ஒண்ணு. ஊரே பொங்கல் வெச்சுட்டு இருக்குது, இந்தக் கெழவி பொட்டியைத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்டான்னுதானே பாக்கறீங்க? என்ற மருமகளும் இதையேதான் கேட்டா. பானையை எறக்கி, சாமி கும்பிட்டு, ரெண்டு வாய் தின்னுட்டு சிங்காநல்லூர்ல பஸ் ஏறிட்டேன். தை ஒண்ணுன்னா தை ஒண்ணுதான். நாப்பத்தேழு வருசமா ஒரு தடவை தவறுனதில்லை. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ரங்காகிட்டத் தட்டைச் சேத்தாகோணும்.

ரங்கா யாருன்னா கேக்கறீங்க? எனக்கு யாருமில்லீங்க. நாங்க பேசிக்கறதில்லை.

சொல்றேன், சொல்றேன். சூலூர் போறதுக்குள்ள முடிச்சர்றேன்.

எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு. மில்லுல சேந்து ஒரு வருசம் இருக்கும். பக்கத்து மிசின்ல நின்னவதான் ரங்கநாயகி. மில்லுக்குள்ள வாய்விட்டுக் கத்துனாலும் காதுல விழாது, ஒதட்டைப் பாத்துத்தான் பேச்சு. அவ ஒதடு அசையறதை வெச்சே அவ ஊட்டுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்லிருவேன். அப்புடி ஒரு சிநேகிதம். அப்ப. இப்ப இல்லீங்க.

ஒரு படம் வந்துச்சு. பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது, அன்னைக்கே யாருக்கும் தெரியாது. ஒரு வாரத்துல தூக்கிட்டாங்க. ஆனா ரெண்டு பாட்டு இருந்துது. ஒண்ணுல, ஒருத்தி சாத்துன கதவுக்கு முன்னால நின்னுட்டுப் பாடறா. தாழ்ப்பாளைத் தொட்டு நிக்கறனே, தெறயேன்னு. அந்தத் ‘தெறயேன்’ல ஒரு இழுப்பு இழுப்பா பாருங்க, நூல் அறுந்துருமோ அறுந்துருமோன்னு இருக்கும். அறாது. அது எனக்கு. ரங்காவுக்கு இன்னொரு பாட்டு. ரயில்ல போயிட்டே பாடறது. டடக் டடக்னு மத்தளம். எனக்கு அது ஆகாது. பாட்டுன்னா ஒரு எடத்துல நின்னு கேக்கற மாதிரி இருக்கோணும். ஓடிட்டே இருந்தா அது என்ன பாட்டு?

தீவாளிக்குப் போனஸ் போட்டாங்க. மத்தவளுக எல்லாம் சேலைக் கடைக்கு ஓடறாளுக. நாங்க ரெண்டு பேரும் டவுனுக்குப் போயி ரிக்கார்டு கடையில ஏறிட்டோம். எங்கூட்டுல பாட்டுப் பொட்டி இருந்துதான்னு கேக்காதீங்க. எங்கூட்டுலயும் இல்லை, அவ ஊட்டுலயும் இல்லை, எங்க தெருவுலயே இல்லை. தட்டு வாங்கோணும்னு தோணுச்சு, வாங்கப் போனோம். பொட்டி பின்னால தானா வரும்னு ஒரு நெனப்பு.

கண்ணாடிக் கதவு போட்ட கடை. தலைமுடியில பஞ்சு ஒட்டிட்டு நாங்க நிக்கறோம். “என்ன ரிக்கார்டும்மா வேணும்?”னு கடைக்காரர் கேக்கறாரு. படத்துப் பேரு ரெண்டு பேருக்குமே வாயில வரலை. “கதவுப் பாட்டு”ங்கறேன் நான். “ரயில் பாட்டு”ங்கறா அவ. “கதவு, ரயிலுன்னா நான் எதைன்னு தேடறது? ஒரு வரி பாடிக் காட்டுங்க”ன்னாரு.

நான் தரையைப் பாத்தேன். ரங்கா பாடிப் போட்டா! மேசையைப் புடிச்சுட்டு, கூச்சமே இல்லாம, அவ பாட்டை ஒரு வரி, அப்பறம் என்ற பாட்டையும் ஒரு வரி. ரோட்டுல போன சைக்கிள்காரன் காலை ஊனிட்டு நிக்கறான். கடைக்காரர் சிரிச்சுட்டு, “அம்மிணி, நீ பாடறதே நல்லாத்தான் இருக்குது. உனக்கு எதுக்கு ரிக்கார்டு?”ன்னாரு. வியாபாரம் பண்றவங்க நாலு வார்த்தை அப்புடித்தானுங்களே சொல்வாங்க. இவ அதை நெசம்னு எடுத்துக்கிட்டா. பஸ்ஸுல ஊடு திரும்பற வரைக்கும் மூஞ்சி பூரிச்சுப் போயிருந்துது.

அவரு உள்ள போயி ரொம்ப நேரம் தேடி ஒத்தைத் தட்டோட வந்தாரு. “ரெண்டு பாட்டும் இதுலயே இருக்குது. இந்தப் பக்கம் கதவு, அந்தப் பக்கம் ரயிலு”ன்னாரு. அப்ப ஆளுக்கு ஒண்ணு குடுங்கன்னேன். “கடையில இருக்குறதே இது ஒண்ணுதான். இந்தப் படத்து ரிக்கார்டைக் கேட்டு வந்ததும் நீங்க ரெண்டு பேருதான்”னாரு.

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ரங்காதான் சொன்னா, “ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கலாம் மாரா. உன்ற பக்கம் உனக்கு, என்ற பக்கம் எனக்கு.” என்ற பேரு மாராத்தாளுங்க. அவ மட்டும் மாராம்பா. இந்தப் பக்கம் பிரிக்கற வேலையை ஆரம்பிச்சது அவதான் தம்பி. நானில்லை. அதை நீங்க ஞாபகம் வெச்சுக்கோணும்.

தட்டு நடுவுல ஒட்டியிருக்குற காயிதத்துல எல்லாம் இங்கிலீசு. எங்களுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். எது யாரு பக்கம்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது? என்ற பக்கத்துல நான் குங்குமப் பொட்டு வெச்சேன். அவ பக்கத்துல அவ மஞ்சளைக் குழைச்சு வெச்சா. குங்குமப் பக்கம் மாராத்தாளுது, மஞ்சப் பக்கம் ரங்காவுது. ஆச்சா?

ஆறு மாசம் தட்டு ஊமையாக் கெடந்துது. ஞாயித்துக்கெழமை ஆனா உறையில இருந்து எடுப்போம். முந்தானையில துடைப்போம். பொட்டைப் பாப்போம். அப்பறம் ரங்கா தட்டை மடியில வெச்சு, “இப்ப எந்தப் பக்கம் போடட்டுங்க?”ம்பா, கடைக்காரர் மாதிரி. குங்குமம்பேன். திருப்பி வெச்சுட்டு அவளே பாடுவா. பாட்டு முடிஞ்சா, தட்டைத் திருப்பி வெச்சுட்டு ரயில் பாட்டு. ‘கீச்’சுனு ஊசி வெக்கற சத்தத்தைக் கூட வாயிலயே போடுவா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிரும்.

சரி, அது எதுக்கு இப்ப.

அப்பறம் என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளை எங்க மில்லுலயே பிட்டர், பேரு சென்னியப்பன். எங்கம்மா காடு தோட்டம் இருக்குதான்னு கேட்டுட்டு இருந்தாங்க. நான் எங்கம்மா காதுல, பாட்டுப் பொட்டி இருக்குதான்னு கேளுன்னேன். ஒடைஞ்சது ஒண்ணு வாங்கி மாப்பிள்ளை சரி பண்ணிட்டு இருக்கறாருன்னாங்க. அந்தப் பேச்சுலயே சரின்னுட்டேன். இதோ என்ற மடியில இருக்குறது அதேதான். கரண்டு வேண்டாம், ஆறு பேட்டரிக் கட்டை போட்டாப் பாடும். பெல்ட்டு நாலு தடவை மாத்தியாச்சு. ஊசி எத்தனைன்னு எனக்கே தெரியாது.

மில்லு லைன் ஊட்டுல எங்களுக்கு ஒரு ஊடு ஒதுக்குனாங்க. அடுத்த வருசமே ரங்காவும் கல்யாணம் கட்டிட்டுப் பக்கத்து ஊட்டுக்கே வந்துட்டா. நடுவுல ஒரே செவுரு. இக்கட்ட நான், அக்கட்ட அவ. அந்தப் பொதுச் செவுத்துல ஒரு சிமிட்டிப் பலகை, அதுலதான் பொட்டி. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அவ வந்துருவா. முதல்ல என்ற பக்கம் ஒரு தடவை, அப்பறம் அவ பக்கம் ஒரு தடவை. ஒரு ரெண்டு வருசம் ஒரு குத்தமில்லாமத்தான் போயிட்டிருந்துது.

ஒரு நாள் பாருங்க, ஆடி மாசம். குங்குமப் பக்கத்தைப் போடறேன். தாழ்ப்பாளைத் தொடற வரைக்கும் நல்லாத்தான் போகுது. ‘தெறயேன்’ வந்துது. ‘தெறயேன்… தெறயேன்… தெறயேன்…’ அதே எடத்துல நிக்குது. நகரவே மாட்டேங்குது! தூக்கிப் பாத்தா ஒரு கீறல். மசுரு கனம்தான் இருக்கும். எனக்கு எப்புடி இருந்திருக்கும்? அந்த ஒரு இழுப்புக்குத்தானே அந்தத் தட்டையே வாங்குனேன்?

யாரு பண்ணியிருப்பா? நீங்களே சொல்லுங்க. அவ பாட்டு ஓடறப்ப மஞ்சப் பக்கம் மேல இருக்கும். அப்ப என்ற பக்கம் கீழ கெடந்து பொட்டியோட உராயுமா உராயாதா? வாரா வாரம் உராஞ்சு உராஞ்சு கீறல் உழுந்துருச்சு.

என்ன கேட்டீங்க? என்ற பாட்டு ஓடறப்ப அவ பக்கமும் கீழதானே கெடந்திருக்கும்னா?

எங்கூட்டுக்காரரும் அன்னைக்கு இதையேதான் கேட்டாரு. ஆம்பளைகளுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் போகுது புத்தி. “ஏம்புள்ள, கீறல்னா அது ஊசி தவறி உழுந்தாத்தான் வரும். ஊசி வெக்கறது நீதானே?”ன்னு வேற கேட்டாரு. உங்களுக்கு அவ வெக்கற கொள்ளுப் பருப்பு புடிச்சுப் போச்சு, அதான் அவளுக்குப் பேசறீங்கன்னு சொன்னேன்.

அடுத்த நா காலையில கொழாயடியில கேட்டுட்டேன். “என்ற பக்கத்தை ஏண்டி கீறுனே?”ன்னு. கொடத்தை அப்புடியே வெச்சுட்டு நிமுந்து பாத்தா. “மாரா, பாட்டுத் தட்டுல நான் எதுக்குடி கீறறேன்? உன்ற பக்கம்னா அது என்ற பாட்டில்லையா?”ன்னா. பாருங்க தம்பி, வாயி வார்த்தையை! என்ற பக்கத்தையும் அவளுதுன்னு சொல்றா. நான் விடுவனா? “கடையில பாடிக் காட்டுன உடனே ரெண்டும் உன்னுதாயிருமா?”ன்னேன். அதுக்கப்பறம் அவளும் விடலை. வரிசையில நின்ன அத்தனை கொடமும் அப்புடியே நிக்குது. மில்லுச் சங்கு ஊதியும் ஒருத்தியும் நகரலை.

கடைசியில குப்பாத்தா வந்தா. வைண்டிங்குக்கே மேஸ்திரி. பீடி குடிப்பா, ஆம்பளை மேஸ்திரிகளே அவளைக் கண்டா ஒதுங்கிப் போவாங்க. நாயம் பேசச் சொன்னோம். அவளுக்கு ஊர்ல கெணத்துல கால் பங்கு இருந்துது. அதை வெச்சே நாயம் சொன்னா.

“ஏம்புள்ளைகளா, கெணத்துல பங்குன்னாத் தண்ணியை நடுவுல அறுத்தா குடுக்கறாங்க? முறை வெச்சுத்தானே எறைக்கறோம்? நீங்களும் முறை வெச்சுக்குங்க. ஆடி ஒண்ணுல இருந்து மாராத்தா முறை. தை ஒண்ணுல இருந்து ரங்கநாயகி முறை. அவளவ முறையில அவளவ பக்கத்தைப் போட்டுக்குங்க. அடுத்தவ பக்கத்துல எவளாவது ஊசி வெச்சீங்க, ரெண்டு பேரையும் கழிவுப் பஞ்சு பொறுக்க உட்டுருவேன். போங்கடி வேலைக்கு!”

கொழாயடியே சிரிச்சுது. குப்பாத்தாளும் தமாசுக்குத்தான் சொல்லியிருப்பா, ரெண்டும் ஒரு வாரத்துல ராசியாயிரும்னு. நான் தமாசா எடுத்துக்கலை. ரங்காவும் எடுத்துக்கலை. குப்பாத்தா போயிச் சேந்தே இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. முறை மட்டும் ஓடிட்டுத்தான் இருக்குது.

இது என்ன ஊரு? சூலூரா? பேச்சுக்குப் பேச்சு ஊரு ஓடுது பாருங்க. பை சாயுது தம்பி. ஓரம், ஓரம்.

பேசாம இருக்கறது ஒண்ணும் சிரமமில்லீங்க. மில்லுக்குள்ள எப்புடியும் காதுல உழுவாது. அவ ஒதட்டை மட்டும் பாக்காம இருந்தாப் போதும். கழுத்துதான் வலிக்கும்.

அவ முறையில அவ எதுல போட்டுக் கேட்டான்னு கேளுங்க, நாயமான கேள்வி. அவகிட்டத்தான் பொட்டி இல்லையே! தையில இருந்து ஆனி வரைக்கும் தட்டு அவ ஊட்டுல சும்மாதான் கெடக்கும். அதுக்கு நான் என்ன பண்றது? குப்பாத்தா தட்டுக்குத்தான் முறை வெச்சாளே ஒழியப் பொட்டிக்கு வெக்கலையே? ஒரு தடவை எங்கூட்டுக்காரர் மனசு கேக்காம, நான் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்துப் பொட்டியைத் தூக்கிட்டுப் போயி அவ ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டாரு. அது எனக்கு முன்னாலயே தெரியும். பேட்டரிக் கட்டை ஆறையும் காலையிலயே கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்.

சிரிக்காதீங்க. நான் நாயம் தப்புனவ இல்லை. என்ற முறையில ஒரு நாளாவது மஞ்சப் பக்கத்துல ஊசி வெச்சிருப்பனா? நாப்பத்தேழு வருசம் தம்பி. தட்டைத் திருப்பிக் கூடப் பாக்கலை.

ஆனா அவளுக்குத்தான் பொறுக்காது. என்ற முறை வந்து நான் பாட்டைப் போட்டன்னு வைங்க, ‘தெறயேன்’ வந்து நிக்கும். மூணு தடவை சொல்லும், நாலு தடவை சொல்லும். அக்கட்டிருந்து செவுத்துல ‘தொம்’முனு ஒரு குத்து! அந்தக் குத்துல பலகை அதிர்ந்து ஊசி ஒரு குதி குதிச்சு, பாட்டு தாண்டிப் போயிரும். அடுப்புல வேலையா இருந்தாலும் எந்திரிச்சு வந்து குத்துவா. காய்ச்சல்ல கெடந்தப்பக் கூடக் குத்துனா, சத்தம் மட்டும் சித்த மெதுவா வந்துது. எத்தனை ஆங்காரம் பாருங்க! ஒருத்தி நிம்மதியா ஒரு பாட்டுக் கேக்கப்படாது. இருவத்தஞ்சு வருசம் குத்துனா. எங்க பக்கம் சுண்ணாம்பு பேந்து ஒரு எடம் வட்டமா ஆயிருச்சு.

அவ முறையில இன்னும் மோசம். தட்டு அவகிட்ட, பொட்டி என்கிட்ட. அப்பச் சும்மா இருக்கலாமல்ல? பாத்திரம் தேய்க்கறப்பப் பாடுவா. அவ ரயில் பாட்டைப் பாடிட்டுப் போகட்டும், யாரு கேட்டா? என்ற பாட்டையும் பாடுவா. அதுவும் எப்புடி? ‘தெறயேன்… தெறயேன்… தெறயேன்…’ கீறல் உழுந்த எடத்துல நிக்கற மாதிரியே நிப்பா. அப்பறம் அவளே கரண்டியில சட்டியை ‘ணங்’குனு ஒரு தட்டு தட்டிட்டு மேல பாடுவா. கேலிதானுங்களே? எனக்குன்னா அப்புடியே பத்திட்டு வரும். கைவேலையைப் போட்டுட்டுச் செவுத்துல சாஞ்சு கடைசி வரைக்கும் கேப்பேன், இன்னும் என்னென்ன கேலி பண்றாள்னு.

தட்டைக் குடுக்கறதுலயும் ஒரு முறை உண்டு. வாசப்படியில பையை வெச்சுட்டு இருமோணும். அவ வந்து எடுத்துக்குவா. ஆடியில அவ கொண்டாந்து வெச்சுட்டு இருமுவா. பேச்சுக் கெடையாது. பையை வெறுசா அனுப்பப்படாதுன்னு ஒரு சாங்கியம் இருக்குதுங்களே, அதுக்காக அவ ஒரு பொட்டணம் முறுக்கு வெப்பா. நான் எலுமிச்சங்காய் ஊறுகாய் வெப்பேன். சாங்கியத்துக்குத்தான். வேற ஒண்ணுமில்லை. இன்னைக்கும் இருக்குது, நீங்க புடிச்சிருக்குற பைக்குள்ளதான். அதான் சாயாமப் புடிங்கன்னேன்.

இன்னொண்ணு சொல்றேன், அவ கெட்டிக்காரத்தனத்துக்கு. அவகிட்டிருந்து தட்டு வர்றப்ப எல்லாம் என்ற குங்குமப் பொட்டு புதுசா இருக்கும். அப்பத்தான் வெச்ச மாதிரி பளிச்சுனு. என்ற பக்கத்துப் பொட்டை அவ எதுக்குத் தொடறா? எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை.

மில்லை மூடுனாங்க. லைன் ஊட்டை எல்லாம் இடிச்சுப் போட்டாங்க. அவ காரணம்பேட்டையில மகன் ஊட்டோட போயிட்டா. நான் சிங்காநல்லூர்ல என்ற மகன் ஊட்டுல. அப்பவும் முறை நிக்கலை, பஸ்ஸுல போச்சு, அவ்வளவுதான். எங்கூட்டுக்காரர் போயி ஒம்பது வருசம் ஆகுது. அன்னைக்கும் ரங்கா வந்தா. மூணு நா இருந்தா. சமைச்சா, பாத்திரம் கழுவுனா, ராவுக்கு என்ற பக்கத்துலயே படுத்திருந்தா. பேசலை. நானும் பேசலை. பாடவும் இல்லை அவ.

மகன் கட்டுன ஊட்டுல எனக்குன்னு தனி ரூமு. செவுத்துக்கு அக்கட்ட யாருமில்லை, காரு நிறுத்தற எடம். பாட்டு ‘தெறயேன்’ல வந்து நிக்கும். நின்னுட்டே இருக்கும். அது தெறயேன் தெறயேன்னு எத்தனை தடவை கெஞ்சுனாலும் நானேதான் முட்டியைப் புடிச்சுட்டு எந்திரிச்சுப் போயி ஊசியைத் தூக்கி வெக்கோணும். சில நா எந்திரிக்கறதில்லை. எத்தனை தடவை சொல்லுதுன்னு எண்ணிட்டே படுத்திருப்பேன். மருமக வந்துதான் நிறுத்துவா, “அத்தை, பால்காரர் சிரிக்கறாருங்க”ன்னு.

அது கெடக்குது. போன வாரம் நடந்ததைக் கேளுங்க, அதுக்குத்தான் இத்தனையும் சொன்னேன். ரங்கா மகன் போன் பண்றான். “பெரியம்மா, அம்மா சொல்லச் சொன்னாங்க. இந்தத் தடவை தட்டைத் தூக்கிட்டு அலைய வேண்டாமாம். உங்களுக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டாங்களாம். பாட்டு ரெண்டையும் போன்லயே ஏத்திக் குடுத்துட்டோம். இனிமேத் தட்டை நீங்களே வெச்சுக்குவீங்களாம்.”

எப்புடி இருக்குது கதை? நீயே வெச்சுக்கோன்னு சொல்ல அவ யாரு? முறைன்னா ரெண்டு பேரும் சேந்து வெச்சது. ஒருத்தி மட்டும் அத்துவிட முடியுமா? என்ற முட்டி வலியைப் பத்தி அவளுக்கு எவன் சொன்னான்? இதுல ரெண்டு பாட்டும் போன்ல இருக்குதாம். அப்ப என்ற பக்கத்தையும் கேக்கறாளா இல்லையா? தை மாசத்துல! என்னைக் கேக்காம!

எனக்கு ராத்திரி பூராத் தூக்கமில்லை. வேண்டாங்கறா, ஊட்டுலயே கெடக்கட்டும்னுட்டா என்ன ஆகும்? இன்னைக்குத் தை ஒண்ணு சும்மா போகும். ஆடி ஒண்ணு வரும், வாசல்ல யாரும் இரும மாட்டாங்க. அதுக்கப்பறம் எப்புடிங்க? நாயம்னு ஒண்ணு வேண்டாமா?

என்ற பேத்தியை அந்தப் பாட்டை அவ போன்ல எடுத்துக் குடுக்கச் சொன்னேன். தேடி எடுத்துட்டா. கேட்டேன். தாழ்ப்பாளைத் தொட்டா, ‘தெறயேன்’னா, போயிட்டா! ஒரே தடவை! நிக்கவே இல்லை. கீறலும் இல்லை, ஒண்ணுமில்லை. வேற யாரோ பாடற மாதிரி இருக்குது. “இது இல்லை சாமி, இன்னும் தேடு”ங்கறேன். “இதேதான் அப்பத்தா”ங்கறா. நாப்பத்தேழு வருசம் கேட்டவளுக்குத் தெரியாதா எது நெசம்னு?

அதனாலதான் இன்னைக்குப் பொட்டியையும் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன். புதுப் பேட்டரிக் கட்டை ஆறும் உள்ளாரப் போட்டாச்சு, வேணும்னாத் தெறந்து பாருங்க, ஒண்ணும் கழட்டலை. தட்டு வேண்டாம்னு எந்த வாயில சொன்னாளோ அந்த வாயிலயே வாங்க வெக்கறேன். இன்னைக்கு இருமறதெல்லாம் கெடையாது. அவ வாசப்படியிலயே உட்கார்ந்து பொட்டியைத் தெறந்து, குங்குமப் பக்கத்தைப் போடப் போறேன்.

தை மாசத்துல குங்குமப் பக்கமான்னா? அட, நீங்க குப்பாத்தாளுக்கு மேல இருக்கறீங்களே! ஒரு தடவைதான் தம்பி. அதுக்கு ஈடா மஞ்சப் பக்கத்தையும் ஒரு தடவை போட்டுருவேன். சும்மா இல்லை, போன்ல கேக்கறது பொய்யின்னு அவளுக்குத் தெரியோணுமல்ல? பாவம், அவளும் அதைத் தட்டுல கேட்டு அத்தனை வருசம் ஆச்சு. பாவம்னா அந்தப் பாவமில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மொதல்ல என்ற பக்கம். தாழ்ப்பாளைத் தொடும். ‘தெறயேன்… தெறயேன்… தெறயேன்…’னு நிக்கும். நான் ஊசியைத் தொட மாட்டேன். கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருப்பேன். நிக்கட்டும். பொழுதே சாயட்டும். அவ உள்ளார எந்த மூலையில இருந்தாலும்…

அய்யய்யோ, அது ஸ்டாப்புகிட்ட இருக்குற பெரிய மரமல்ல? காரணம்பேட்டையா? என்ன தம்பி, சொல்லச் சொன்னனல்ல? நீங்களும் வாயைப் பொளந்து கதை கேட்டுட்டு உட்கார்ந்துட்டீங்க! டிரைவர் நிறுத்தாமப் போறாரே. கண்டக்டரு அங்க கரும்புக்காரரோட மல்லுக்கட்டிட்டு நிக்கறாரு, அவருக்கு எங்க கேக்கும்? பையை இப்புடிக் குடுங்க. ஓரம், ஓரம்! நீங்க கையை சன்னலுக்கு வெளிய உட்டு தகரத்துல தட்டுங்க, நிறுத்துவாரு.

அட, அது என்ன தட்டு, கொசு அடிக்கற மாதிரி? ஓங்கித் தட்டுங்க கண்ணு. ரங்கா தட்டற மாதிரி.